ஈஸ்ட்சீப்பின் பன்றித்தலை: ஒரு மதுவிடுதியின் அடையாளக் கல்லும் அதன் இலக்கியச் சொந்தங்களும்

லண்டன் நகரின் ஈஸ்ட்சீப் பகுதியில் 'போர்ஸ் ஹெட்' என்று ஒரு மதுவிடுதி இருந்தது. காட்டுப்பன்றியின் தலை அதன் அடையாளம். கட்டடம் 1831இல் இடிபட்டது. அதன் முகப்பில் பதித்திருந்த கல் மட்டும் தப்பித்தது. அதில் பன்றித்தலை புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கூடவே இரண்டு தலைப்பெழுத்துகளும் 1668 என்ற ஆண்டும் உள்ளன. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் குடித்துக் கும்மாளமிட்ட விடுதியின் அடையாளம் என்றுதான் உலகம் இந்தக் கல்லை அறிந்திருக்கிறது. ஆனால் ஷேக்ஸ்பியர் இறந்தது 1616இல். அவர் கண்ணை மூடி 52 ஆண்டுகள் கழித்துச் செதுக்கிய கல் அவருடைய கற்பனையோடு எப்படி ஒட்டிக்கொண்டது? அந்த விடுதிக்கும் நாடகத்துக்கும் உண்மையில் என்ன உறவு? சான்றுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், உறவு உண்டு என்பது தெரிகிறது. அதை நிலைநாட்டியவர்கள் வாசகர்கள் என்பதும் தெரிகிறது.

முதலில் அடையாளங்களைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தில் மதுக்கடை வைத்திருப்பவர் வாசலில் அடையாளம் காட்டியாக வேண்டும் என்ற விதி இரண்டாம் ரிச்சர்ட் காலத்தில், 1393இல் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் இருந்த ஊரில் பெயரை எழுதி வைத்துப் பயனில்லை. அன்னம், சிங்கம், மணி, பன்றித்தலை என்று படத்தால்தான் கடைக்குப் பெயர் அமைந்தது. தெரு ஓரங்களில் இரும்புக் கம்பிகளில் தொங்கிய இந்தப் பலகைகள் போகப் போகப் பெருத்து, வெளிச்சத்தையும் காற்றையும் மறைக்கும் அளவுக்கு வளர்ந்தன. 1718இல் ஃப்ளீட் தெருவை ஒட்டிய பிரைட் சந்தில் ஒரு பலகை, மாட்டியிருந்த சுவரையும் இழுத்துக்கொண்டு விழுந்து நான்கு பேரைக் கொன்றது. 1760களில் நகர நிர்வாகம் தொங்கு பலகைகளை அகற்ற உத்தரவிட்டது. வீடுகளுக்குக் கதவு எண் போடும் வழக்கம் பரவியதும் அதே காலத்தில்தான்.

இதற்கு முன்பே, 1666 செப்டம்பரில் மூண்ட பெருந்தீ லண்டனின் பழைய நகரத்தை விழுங்கியிருந்தது. தீ பற்றிய புட்டிங் சந்து ஈஸ்ட்சீப்புக்கு மிக அருகில் இருக்கிறது. போர்ஸ் ஹெட்டும் எரிந்துபோனது. மறுபடி கட்டியபோது, அன்று புதிதாக எழுந்த வேறு பல கட்டடங்களைப் போலவே இதற்கும் கல்லில் அடையாளம் செதுக்கிச் சுவரோடு பதித்தார்கள். மரப்பலகையாகத் தொங்கியிருந்தால் மழையோ 1760களின் உத்தரவோ அதைக் கொண்டுபோயிருக்கும். சுவரில் பதித்த கல்லானதால் கட்டடம் இருந்தவரை அதுவும் இருந்தது.

இனி இடத்துக்கு வருவோம். ஈஸ்ட்சீப் இடைக்கால லண்டனின் இறைச்சிச் சந்தை. தெருவின் இரு பக்கமும் கசாப்புக்காரர்கள். அவர்களுக்கு நடுவே சமைத்த இறைச்சி விற்கும் கடைகள். ஜான் ஸ்டோ என்ற வரலாற்றாசிரியர் 1598இல் வெளியிட்ட லண்டன் நகர வருணனையில் இந்தத் தெருவைப் பற்றி அருமையான செய்தி ஒன்று இருக்கிறது. 1410ஆம் ஆண்டு, புனித யோவான் திருநாளுக்கு முந்தைய இரவு, மன்னர் நான்காம் ஹென்றியின் மகன்கள் தாமசும் ஜானும் ஈஸ்ட்சீப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணி. அவர்களுடைய ஆட்களுக்கும் அரசவையைச் சேர்ந்த மற்றவர்களுக்கும் கைகலப்பு மூண்டது. மேயரும் ஷெரிஃப்களும் வந்து அடக்கும்வரை ஒரு மணி நேரம் நீடித்தது. இதைச் சொல்லும் ஸ்டோ, அந்தக் காலத்தில் ஈஸ்ட்சீப்பில் மதுவிடுதியே இல்லை, நண்பர்கள் கூடிக் களிக்க நினைத்தால் சமையல் கடைகளுக்குத்தான் போவார்கள் என்றும் குறித்துவைக்கிறார்.

நாடகத்தில் குடித்துத் திரியும் இளவரசன், பின்னாளில் ஐந்தாம் ஹென்றியாக முடிசூடிய மூத்த மகன். ஸ்டோ சொல்லும் கலவரத்தில் இருந்தவர்கள் அவனுடைய தம்பிகள். ஸ்டோவின் குறிப்பை ஏற்றால், இளவரசன் வாழ்ந்த காலத்தில் அந்தத் தெருவில் அவன் நுழைய ஒரு மதுவிடுதிகூட இல்லை. நாடகம் மேடையேறி ஓரிரண்டு ஆண்டுகளிலேயே அதே நகரில் வெளியான ஒரு நூல், நாடகம் காட்டிய காட்சிக்கு வரலாற்றில் இடமில்லை என்று சொல்லியிருக்கிறது. ஆனாலும் பார்வையாளர்கள் அந்தக் காட்சியை விடவில்லை.

ஷேக்ஸ்பியரின் காலத்தில் விடுதி இருந்ததா? இருந்தது. 1537ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் ஈஸ்ட்சீப், புனித மைக்கேல் திருச்சபைப் பகுதியில் 'போர்ஸ் ஹெட்' என்ற மதுவிடுதி அதன் நிலவறைகள், மாடிகளோடு குறிக்கப்பட்டிருக்கிறது. அப்போது அது ஒரு விதவைப் பெண்ணின் குத்தகையில் இருந்தது. நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் விடுதியை நடத்தும் குவிக்லி அம்மாளும் ஒரு விதவைதான். இரண்டுக்கும் 60 ஆண்டு இடைவெளி. ஒருவரைப் பார்த்து மற்றவரைப் படைத்தார் என்று சொல்ல வழியில்லை. ஆனால் ஒரு பெண் தனியாக மதுவிடுதி நடத்துவது அந்தத் தெருவுக்குப் புதிதல்ல என்பது தெரிகிறது.

சரி, நாடகம் என்ன சொல்கிறது? பலரும் வியக்கும் செய்தி இதுதான்: ஷேக்ஸ்பியரின் வசனத்தில் 'போர்ஸ் ஹெட்' என்ற பெயர் எங்குமே வரவில்லை. ஈஸ்ட்சீப் என்ற இடப்பெயர் மட்டும் வருகிறது. காட்சித் தலைப்புகளில் நாம் படிக்கும் விடுதிப் பெயர் 18ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் சேர்த்தது. ஈஸ்ட்சீப் மதுக்கடைகூட ஷேக்ஸ்பியரின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1580களில் மேடையேறி 1598இல் அச்சான, ஆசிரியர் பெயர் தெரியாத 'ஐந்தாம் ஹென்றியின் புகழ்பெற்ற வெற்றிகள்' நாடகத்திலேயே இளவரசனும் கூட்டாளிகளும் ஈஸ்ட்சீப்பிலுள்ள பழைய மதுக்கடையில்தான் சந்திக்கிறார்கள். ஷேக்ஸ்பியர் அந்தப் பழக்கமான இடத்தை எடுத்துக்கொண்டு அதற்கு உயிர் கொடுத்தார்.

ஆனாலும் ஒரு தடயம் உண்டு. இரண்டாம் பாகத்தில், ஃபால்ஸ்டாஃப் இன்றிரவு எங்கே சாப்பிடுகிறான் என்று இளவரசன் விசாரிக்கும்போது, அவனைக் கிழப் பன்றி என்றும் அவன் போகும் இடத்தைப் பழைய பன்றிக்கொட்டில் என்றும் கேலி செய்கிறான். ஈஸ்ட்சீப்பில், வழக்கமான இடத்தில்தான் என்று பதில் வருகிறது. ஆய்வாளர்கள் இதை விடுதியின் பெயருக்கான சாடையாகக் கொள்கிறார்கள். எனக்கும் இது சரியாகவே படுகிறது. ஈஸ்ட்சீப்பில் இறங்கினால் அந்தப் பன்றித்தலை கண்ணில் படாமல் போகாது. லண்டன்வாசிக்குப் பெயரை உடைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெருந்தீக்கு முன்பே, 1654இல் எட்மண்ட் கேட்டன் 'டான் குவிக்ஸோட்' பற்றி எழுதிய குறிப்புகளில், ஈஸ்ட்சீப் போர்ஸ் ஹெட்டின் சர் ஜான் என்று ஃபால்ஸ்டாஃபைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். படிப்பவருக்குப் புரியும் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். ஷேக்ஸ்பியர் இறந்து 40 ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் ஃபால்ஸ்டாஃபும் இந்த விடுதியும் ஒன்றாகிவிட்டிருந்தார்கள்.

பெயர் சொல்லாவிட்டாலும் உள்ளே நுழைந்து பார்த்தவர் போலத்தான் ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார். மாதுளை, பிறைநிலா, டால்ஃபின் என்று அறைகளுக்குப் பெயர். மேலிருந்தும் கீழிருந்தும் கூப்பிடும் குரல்களுக்கு 'இதோ வந்தேன்' என்று ஓடி அலையும் பணியாளன் ஃபிரான்சிஸ். தூங்கிக்கொண்டிருக்கும் ஃபால்ஸ்டாஃபின் சட்டைப்பையைத் துழாவும்போது ஒரு கணக்குச் சீட்டு அகப்படுகிறது. கோழிக்கு இரண்டு ஷில்லிங் இரண்டு பென்ஸ்; குழம்புக்கு நான்கு பென்ஸ்; இரண்டு காலன் 'சாக்' என்ற ஸ்பானிய மதுவுக்கு ஐந்து ஷில்லிங் எட்டு பென்ஸ்; சாப்பாட்டுக்குப் பிறகு நெத்திலி வகை மீனுக்கும் மறுபடி மதுவுக்குமாக இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ்; ரொட்டிக்கு அரை பென்னி. அரை பென்னி ரொட்டிக்குக் காலன் கணக்கில் மதுவா என்று இளவரசன் அதிர்ந்துபோகிறான். ஒரு மனிதனின் முழுக் குணமும் இந்தச் சீட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஆங்கில இலக்கியத்தில் இதைவிடச் சிறந்த ஒரு கடைச் சீட்டு கிடையாது என்பேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். லண்டனிலும் அதைச் சுற்றியும் போர்ஸ் ஹெட் என்ற பெயரில் பல விடுதிகள் இருந்தன. வைட்சேப்பலில் இருந்த போர்ஸ் ஹெட் விடுதியின் முற்றம் 1598–99இல் நாடக அரங்காகவே மாற்றப்பட்டது. அதற்கு வெகுமுன்பே, 1557இல், அங்கு நடக்கவிருந்த ஒரு நாடகத்தை அரசரவைக் குழு தடுத்து நிறுத்தியது. இது வேறு, ஈஸ்ட்சீப் வேறு. தேம்ஸ் நதிக்குத் தெற்கே சவுத்வார்க்கில் இன்னொரு போர்ஸ் ஹெட். அதன் உரிமையாளராக இருந்தவர், 1459இல் இறந்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் என்ற போர்வீரர். பெயரைப் பாருங்கள்! ஃபால்ஸ்டாஃபுக்கு ஷேக்ஸ்பியர் முதலில் வைத்த பெயர் ஓல்ட்காஸில். மதக்கொள்கைக்காக 1417இல் கொல்லப்பட்ட உண்மையான மனிதர் அவர். அவருடைய வழிவந்த காபம் பிரபுக்கள் வருந்தியதால் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. அப்போது ஃபாஸ்டால்ஃபின் பெயரைச் சற்றே திருத்தி எடுத்துக்கொண்டார். ஃபாஸ்டால்ஃபுக்குப் பன்றித்தலை விடுதி சொந்தமாக இருந்தது ஷேக்ஸ்பியருக்குத் தெரிந்து, அதனால்தான் ஈஸ்ட்சீப் விடுதிக்குப் பன்றிச் சாடை வந்ததா? சொல்லக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாடகத்தின் ஈஸ்ட்சீப், பெயர் மாற்றத்துக்கு முன்பே, பழைய நாடகத்திலேயே இருந்துவிட்டது. தற்செயல் ஒற்றுமை என்று விட்டுவிடுவதே நேர்மை.

தீக்குப் பின் எழுந்த புதிய விடுதிக்குப் பழைய புகழ் முழுக்க வந்து சேர்ந்தது. 1760இல் ஆலிவர் கோல்ட்ஸ்மித், ஈஸ்ட்சீப் போர்ஸ் ஹெட்டில் கண்ட கனவாக ஒரு கட்டுரை எழுதினார். கணப்படுப்பின் அருகே அமர்ந்து, ஃபால்ஸ்டாஃப் சிரித்த அதே அறையில் இருப்பதாக நினைத்து மகிழ்கிறார்; குவிக்லி அம்மாள் கனவில் வந்து அந்த இடத்தின் வரலாற்றைச் சொல்கிறாள். அந்த அறைக்கு அப்போது வயது நூறுகூட ஆகவில்லை. எழுத்தாளர் பாஸ்வெல் 1785இல் வெளியிட்ட ஹெப்ரிடீஸ் பயண நூலில், இந்த விடுதியில் கூடிய ஒரு கழகத்தைப் பற்றி அறிஞர் டாக்டர் ஜான்சனிடம் பேசியதைப் பதிவுசெய்திருக்கிறார். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஃபால்ஸ்டாஃப், இளவரசன், பார்டால்ஃப் என்று ஒரு பாத்திரப் பெயரைச் சூட்டிக்கொள்வார்களாம். புகழ் பெற்றுவிட்ட நீ அதில் சேராதே என்று ஜான்சன் தடுத்துவிட்டார். அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸ், பின்னாளில் பிரதமரான இளைய பிட்டுடன் இங்கே ஷேக்ஸ்பியர் நினைவு மாலையைக் கழித்ததைப் பதிவுசெய்திருக்கிறார். அன்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரிக்க வைத்தவர் பிட்தானாம்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் விடுதி மூடப்பட்டு, கட்டடம் கடைகளாகப் பிரிந்தது. அதன் பிறகு அங்கே தேடிக்கொண்டு வந்தவர் வாஷிங்டன் இர்விங். நியூயார்க்கில் பிறந்து ஷேக்ஸ்பியரைப் படித்தே வளர்ந்த இந்த எழுத்தாளர், 1819–20இல் பகுதி பகுதியாக வெளியான 'ஸ்கெட்ச் புக்' தொகுப்பில் இந்தத் தேடலுக்கென்றே ஒரு கட்டுரை ஒதுக்கினார். பகுதியின் பழைய கதைகளையெல்லாம் அறிந்த மெழுகுவத்தி வியாபாரியின் விதவை ஒருத்தியிடம் விசாரிக்கிறார். விடுதி இருந்த இடத்தில் அவர் கண்டது அந்தக் கல் பன்றித்தலை ஒன்றைத்தான். இடத்தை ஒட்டியிருந்த புனித மைக்கேல் ஆலயத்துக்குப் போகிறார். அங்கே பின்புறம் ராபர்ட் பிரெஸ்டன் என்பவரின் கல்லறை. 1730இல் இறந்த பிரெஸ்டன், போர்ஸ் ஹெட்டில் மது ஊற்றிக்கொடுத்த பணியாளர். மதுப் பீப்பாய்களுக்கு நடுவே வாழ்ந்தும் குடிக்காதவர், அளவில் குறைவைக்காதவர் என்று கல்வெட்டு அவரைப் புகழ்கிறது. அடுத்து 'மேசன்ஸ் ஆர்ம்ஸ்' என்ற மதுக்கடையில் இர்விங்குக்கு இரண்டு பொருள்களைக் காட்டுகிறார்கள்: மூடியில் பழைய விடுதியின் படம் தீட்டிய பெரிய புகையிலைப் பெட்டி, பிறகு ஒரு கிண்ணம். நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப், டால்ஃபின் அறையில் பொன்முலாம் பூசிய கிண்ணத்தின்மேல் சத்தியம் செய்துதான் குவிக்லியை மணப்பதாக ஏமாற்றுவான். அந்தக் கிண்ணம் இதுவாகத்தான் இருக்கும் என்று இர்விங் ஆசைப்படுகிறார்.

இர்விங்கின் கட்டுரையில் வேடிக்கை இருக்கிறது. ஆனால் அதன் அடியில் இருக்கும் அன்பு வேடிக்கை அல்ல. வரலாற்றில் வாழ்ந்த எத்தனையோ வீரர்களைவிட, இல்லாத கிழவன் ஃபால்ஸ்டாஃப் தனக்கு நெருக்கமானவன் என்று அவர் வெளிப்படையாகவே எழுதுகிறார். ஈஸ்ட்சீப்புக்குப் போன எல்லோருக்கும் காரணம் அதுதான்.

1831இல் புதிய லண்டன் பாலத்துக்குச் சாலை அமைக்க வேண்டியிருந்தது. விடுதி இருந்த கட்டடமும் புனித மைக்கேல் ஆலயமும் சேர்ந்தே இடிபட்டன. கல்லை மட்டும் எடுத்து வைத்தார்கள். அது கில்ட்ஹால் அருங்காட்சியகத்துக்குப் போய், பின்னர் தேம்ஸ் கரையில் திரும்பக் கட்டிய ஷேக்ஸ்பியர் குளோப் அரங்கின் காட்சிக்கூடத்துக்கு வந்தது. அதே சாலைக்காக இடித்த மற்ற வீடுகளின் சுவர்க்கற்கள் எங்கே என்று யாரும் தேடவில்லை. இந்தக் கல்லைக் காப்பாற்றிய காரணம் அதன் சிற்ப அழகு அல்ல. கோல்ட்ஸ்மித்தும் இர்விங்கும் அவர்களைப் படித்தவர்களும்தான். 1868இல் ராபர்ட் லூயிஸ் ருமியூ என்ற கட்டடக் கலைஞர் ஈஸ்ட்சீப் 33–35 எண்ணில் ஒரு வினிகர் நிறுவனத்துக்காகக் கட்டிய கிடங்கின் முகப்பில், புல்லுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் பன்றித்தலையையும் நான்காம், ஐந்தாம் ஹென்றிகளின் முகங்களையும் வைத்தார். வினிகர் வியாபாரிக்கு ஷேக்ஸ்பியர் எதற்கு? அந்த மண்ணில் வேறு அடையாளம் பொருந்தாது என்று தோன்றியிருக்க வேண்டும்.

மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் போர்ஸ் ஹெட்டின் தனித்தன்மை தெளிவாகும். சாசரின் 'கான்டர்பரி கதைகள்' தொடங்கும் சவுத்வார்க் 'டேபர்ட்' விடுதி நூலிலேயே பெயரோடு வருகிறது. விடுதிக்காரர் ஹாரி பெய்லிக்கும் வரலாற்றில் ஆதாரம் உண்டு. ஹென்றி பெய்லி என்ற விடுதிக்காரர் 1370களில் சவுத்வார்க்கின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1676இல் சவுத்வார்க்கில் பரவிய தீக்குப் பின் கட்டிய விடுதிக்கு 'டேல்பட்' என்று பெயர் மாறியது. அதன் வாசலில், சாசரும் யாத்திரிகர்களும் தங்கிய இடம் இதுவே என்று எழுதி, 1383 என்று ஆண்டும் போட்டு, சாசருக்கு இல்லாத 'சர்' பட்டத்தையும் சூட்டியிருந்தார்கள். அங்கே கடைக்காரர்தான் இலக்கியத்தைத் தேடிப் போனார். அந்தக் கட்டடம் 1870களில் இடிபட்டது.

ஆக்ஸ்ஃபோர்டின் 'ஈகிள் அண்ட் சைல்ட்' இன்னொரு வகை. குழந்தையைத் தூக்கிச் செல்லும் கழுகு என்ற அதன் படம் டார்பி பிரபுக்களின் குலச் சின்னத்திலிருந்து வந்தது, அங்கே கூடிய எழுத்தாளர்கள் டோல்கியனுக்கும் சி. எஸ். லூயிஸுக்கும் அதில் பங்கில்லை. அவர்கள் நண்பர்களோடு கூடியது பின்னறையில், காலை வேளைகளில். 1962இல் தெருவின் எதிர்ப்பக்கத்து விடுதிக்கு மாறிவிட்டார்கள். விடுதி 2020இல் மூடியது. அங்கே எழுத்தாளர்கள் உண்மையில் உட்கார்ந்தார்கள் என்பதற்குச் சான்று வேண்டியதில்லை. போர்ஸ் ஹெட்டில் ஷேக்ஸ்பியர் உட்கார்ந்தார் என்பதற்கு ஒரு வரிச் சான்றும் இல்லை. ஆனால் எனக்கு மூன்றிலும் வலுவாகத் தெரிவது போர்ஸ் ஹெட்டின் உறவுதான். எழுத்தாளர் உட்கார்ந்த நாற்காலி அவரோடு முடிந்துவிடும். பாத்திரங்கள் உட்கார்ந்ததாக நம்பிய இடத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு என் முடிவு இது. ஃபால்ஸ்டாஃபின் விடுதி ஈஸ்ட்சீப் போர்ஸ் ஹெட் என்பதை ஏற்கலாம். பெயர் சொல்லாத சாடையும் 1654ஆம் ஆண்டுக் குறிப்பும் அதற்குப் போதும். 1668ஆம் ஆண்டுக் கல்லை ஷேக்ஸ்பியர் காலத்துப் பொருள் என்று யாரும் சொல்லக் கூடாது. பெருந்தீக்குப் பிறகும் அந்தப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்ட ஊரின் நினைவுச்சின்னம் என்று சொன்னால் அதன் மதிப்பு ஒரு துளியும் குறையாது.

லண்டனுக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள் ஈஸ்ட்சீப்பில் ருமியூவின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். பிறகு ஆற்றை நோக்கிச் சில நிமிடம் நடந்தால் புனித மேக்னஸ் ஆலயம் வரும். புனித மைக்கேல் ஆலயம் போன பிறகு ராபர்ட் பிரெஸ்டனின் கல்லறைக் கல்லை அங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த விடுதியில் உண்மையாகவே நின்று மது ஊற்றிய ஒருவரின் பெயரை அதில் படிக்கலாம்.